புற்றுநோய் மருந்தும் சிவக்கும் கண்ணும்: கண் அழற்சி பற்றிய எளிய விளக்கம்

புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளத் தொடங்குபவர்களிடம் வாந்தி, முடி உதிர்தல், களைப்பு, வாய்ப்புண் ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். கண்ணைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசியில் ஒரு வரியாக வந்து போய்விடும். அதனால், சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசி, எழுத்துகள் மங்கும்போது, தூக்கம் கெட்டதால் இருக்கும், தூசி விழுந்திருக்கும் என்று பலரும் நாள்களைக் கடத்திவிடுகிறார்கள். மருந்துக்கும் கண்ணுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களிலும் சிலர் வேறொரு காரணத்தால் வாயைத் திறப்பதில்லை. சொன்னால் புற்றுநோய் மருந்தையே நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம்தான் அது. இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் நடைமுறை பெரும்பாலும் அதற்கு நேர்மாறாக இருக்கிறது. தொடக்கத்திலேயே சொல்லப்படும் அழற்சி பல நேரங்களில் சொட்டு மருந்தோடு அடங்கிவிடுகிறது, புற்றுநோய் மருந்தும் தொடர்கிறது. மருந்தை நிறுத்தும் நிலைக்குக் கொண்டுபோய் விடுவது, பெரும்பாலும், முற்றிய பிறகு வெளியே தெரியவரும் அழற்சிதான்.

அழற்சி என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. உடல் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் நடவடிக்கை அது. காயமோ கிருமியோ வேதிப்பொருளோ ஓரிடத்தைத் தாக்கும்போது அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அவற்றின் சுவர் வழியே நீரும் புரதமும் கசிகின்றன, வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. தோலில் இது நடந்தால் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற அளவில் பெரும்பாலும் முடிந்துவிடும். கண்ணில் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியும், அதற்குப் பின்னுள்ள நீரும், லென்ஸும், கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கும் கூழ்மமும் தெளிவாக இருந்தால்தான் ஒளி தடையின்றி விழித்திரையைச் சென்றடையும். அந்த நீரில் சிறிதளவு புரதமும் கொஞ்சம் வெள்ளை அணுக்களும் கலந்தாலே பார்வை மங்கிவிடுகிறது. அழற்சி நீடித்தால் உள்ளே ஒட்டுதலும் தழும்பும் உண்டாகின்றன. அவை அழற்சி தணிந்த பிறகும் தங்கிவிடக்கூடும்.

எந்த அடுக்கில் அழற்சி?

கண் சிவந்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு அது பாதித் தகவல்தான். எந்த அடுக்கு சிவந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அவசரமும் மருந்தும் மாறுகின்றன. இமையின் விளிம்பில் அழற்சி என்றால் எரிச்சலும், முடியின் அடியில் பொருக்கும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்வதும் இருக்கும். வெண்விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் அழற்சி என்றால் கண் சிவக்கும், நீர் வடியும், பீளை சேரும். ஆனால் பார்வை அநேகமாகக் குறையாது. கருவிழியின் மேற்பரப்பு பாதிக்கப்பட்டால் மண் விழுந்ததைப் போன்ற உறுத்தலும், கூச்சமும், மங்கலும் சேர்ந்து வரும். வெண்விழியின் கெட்டியான சுவரில் அழற்சி வந்தால் ஆழமான குடைச்சல் வலி உண்டாகும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்கு அது போகலாம்.

இவற்றுக்கெல்லாம் உள்ளே இருப்பது யூவியா என்னும் நடு அடுக்கு. கண்ணின் நிறமுள்ள வளையம், அதற்குப் பின்னுள்ள சிறு தசை, விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் நிறைந்திருக்கும் படலம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே யூவியா. இதில் வரும் அழற்சியை யூவைட்டிஸ் என்கிறார்கள். முன்பகுதியில் வந்தால் வலி, கூச்சம், கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வளையமாகச் சிவப்பு ஆகியவை தெரியும். அப்போது கண்ணின் தசை இறுகிப்போயிருப்பதால், நல்ல கண்ணில் வெளிச்சம் அடித்தால்கூட அழற்சி உள்ள கண்ணில் வலி எடுக்கும். இரண்டு கண்பாப்பாக்களும் ஒரே நேரத்தில் சுருங்குவதே இதற்குக் காரணம். பின்பகுதியில் வந்தாலோ கதை வேறு. பெரும்பாலும் சிவப்பும் இருக்காது, வலியும் இருக்காது. கண் முன்னே புள்ளிகளும் நூல்களும் மிதப்பதும், நடுப்பார்வையோ ஓரப்பார்வையோ மங்குவதுமே அடையாளமாக இருக்கும். கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்ற முடிவு இந்த இடத்தில்தான் ஏமாற்றிவிடுகிறது.

எந்த மருந்து, எந்த வழியில்?

புற்றுநோய் மருந்துகள் எல்லாம் கண்ணை ஒரே விதமாகத் தாக்குவதில்லை. சில மருந்துகள் கண்ணீரோடு கலந்து வந்து மேற்பரப்பைப் புண்ணாக்குகின்றன. சில, நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிட, அது கண்ணுக்குள் நுழைந்துவிடுகிறது.

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ரத்தப் புற்றுநோய்க்கு அதிக அளவில் ஏற்றப்படும் சைட்டராபின். வேகமாகப் பெருகும் செல்களின் மரபுப்பொருள் உருவாகாமல் தடுப்பதே அதன் வேலை. கருவிழியின் மேல்தோலும் இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் தோல். கண்ணீர் வழியே அங்கு வந்து சேரும் மருந்துக்கு அது புற்றுநோய் செல்லா, நல்ல செல்லா என்று பிரித்தறியத் தெரியாது. அதனால் உறுத்தல், கூச்சம், நீர் வடிதல் ஆகியவை சில நாள்களில் தொடங்கும். இதில் ஆறுதலான செய்தி என்னவென்றால், இது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால் தடுக்கவும் முடிகிறது. அதிக அளவுச் சைட்டராபின் ஏற்றுவதற்கு முன்பே, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடங்கி, கடைசி அளவுக்குப் பிறகு 2 அல்லது 3 நாள்கள் வரை தொடர்வது வழக்கமான நடைமுறை. கண்ணில் தொந்தரவே இல்லாதபோது எதற்குச் சொட்டு மருந்து என்று சிலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தொந்தரவு இல்லாமல் இருப்பதற்காகத்தான் அது.

ஃபுளோரோயுராசில் என்னும் மருந்தும் கண்ணீரில் கலக்கக்கூடியதே. அதனாலும், மார்பகப் புற்றுநோயில் அதிகம் பயன்படும் டோசிடாக்செலாலும், கண்ணீர் மூக்குக்குள் வடியும் மெல்லிய குழாய் அழன்று சுருங்கிவிடலாம். வடிகால் அடைபட்டால் கண்ணீர் கன்னத்தில் ஓயாமல் வழிகிறது. அழுததைப் போலத் தோன்றும் இந்தக் கண்ணை ஒவ்வாமை என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் உண்டு. சுருக்கம் முழு அடைப்பாக மாறுவதற்கு முன் கண் மருத்துவர் அந்தக் குழாய்க்குள் மெல்லிய சிலிக்கோன் குழலைப் பொருத்தி வழியைத் திறந்து வைக்க முடியும். முழுதாக அடைத்துவிட்டால் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எனவே நீர் வடிதல் சின்னத் தொந்தரவாகவே இருந்தாலும், தொடர்ந்து இருந்தால் சொல்லிவிட வேண்டும்.

எர்லோட்டினிப், செடுக்ஸிமாப் போன்ற மருந்துகள் செல்லின் மேலுள்ள ஒரு வளர்ச்சி ஏற்பியை, அதாவது வளரச் சொல்லும் செய்தியைப் பெறும் புரதத்தை, தடுக்கின்றன. அந்த ஏற்பி கருவிழியின் மேல்தோலிலும், இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும், முடி வேர்களிலும் இருப்பதால், இமை அழற்சியும் கண் உலர்வும் வருகின்றன. கண்ணிமை முடி வழக்கத்தைவிட நீண்டு, தடித்து, சுருண்டும் வளர்கிறது. முடி நீண்டு வளர்வது வெளிப்பார்வைக்கு அழகாகக்கூடத் தெரியலாம். ஆனால் உள்நோக்கி வளைந்த ஒரே ஒரு முடி, கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் கருவிழியை உரசி அங்கே புண் உண்டாக்கும். அதைக் கண்ணாடி முன் நின்று நாமே கத்தரிக்க முயலக் கூடாது. கண் மருத்துவர் பெரிதாக்கிப் பார்த்து நீக்குவதே பாதுகாப்பு. எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவுக்குத் தரப்படும் பெலான்டமாப் மாஃபோடோடின் என்ற மருந்தும் கருவிழியின் மேல்தோலைப் பாதிப்பதில் பெயர்பெற்றது. அதன் சிகிச்சையில் கண் பரிசோதனை ஒரு கட்டாயப் பகுதியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது.

எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் எலும்பைக் காக்கத் தரப்படும் சோலெட்ரோனிக் அமிலம் புற்றுநோயைக் கொல்லும் மருந்து அன்று. என்றாலும் அதை ஏற்றிய சில நாள்களுக்குள் சிலருக்கு யூவைட்டிஸோ வெண்விழிச் சுவரில் அழற்சியோ வருவதுண்டு. நோயாளியும் குடும்பத்தாரும் கீமோதெரபியைத்தான் சந்தேகிப்பார்கள். எலும்பு ஊசி நினைவுக்கே வராது.

இம்யூனோதெரபி ஏன் கண்ணுக்குள் வருகிறது?

இரண்டாவது வகையில் முதன்மையானவை, நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிவிடும் மருந்துகள். இந்தச் சிகிச்சையைத்தான் இம்யூனோதெரபி என்கிறார்கள். இபிலிமுமாப் 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவற்றுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளுக்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் கட்டுமீறிப் போகாமல் இருக்க அவற்றின் மேல் சில தடைகள் உள்ளன. புற்றுநோய் அந்தத் தடைகளையே தனக்குக் கேடயமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மருந்து அந்தத் தடையை அகற்றுகிறது. டி செல்கள் விழித்துக்கொண்டு புற்றுநோயைத் தாக்குகின்றன. ஆனால் தடை அகன்றது உடல் முழுவதற்கும்தான். எனவே குடல், தோல், தைராய்டு, நுரையீரல், கல்லீரல் என்று எங்கு வேண்டுமானாலும் அழற்சி தோன்றலாம். அந்த வரிசையில் கண்ணும் ஒன்று.

கண்ணின் உட்பகுதி இயல்பாகவே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சீற்றத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட இடம். சிறு அழற்சிகூடப் பார்வையைப் பறிக்கும் என்பதால் உடல் அங்கே தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தடை நீக்கும் மருந்துகள் அந்தக் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடுகின்றன. மெலனோமா என்னும் நிறமிப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. யூவியாவிலும் நிறமி செல்கள் நிறைய இருக்கின்றன. புற்றுநோய் நிறமி செல்லைத் தேடிப் போகும் டி செல், கண்ணின் நிறமி செல்லையும் அதே பகைவனாக எண்ணிவிடலாம். இப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கண் மங்கலோடு தலைவலி, காதில் இரைச்சல், தோலிலோ முடியிலோ வெண்மை ஆகியவையும் சேர்ந்து வருவதைக் காணலாம். மெலனோமாவுக்கே தரப்படும் டாப்ராஃபெனிப், வெமுராஃபெனிப் மாத்திரைகளும் யூவைட்டிஸை உண்டாக்குகின்றன. டாப்ராஃபெனிபோடு சேர்த்துத் தரப்படும் ட்ரமெட்டினிப் விழித்திரைக்கு அடியில் நீர் கோர்க்கச் செய்யலாம். இது பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும் என்றாலும், அழற்சியா வெறும் நீரா என்று பிரித்தறியப் பரிசோதனை தேவை.

இதைப் படிப்பவர்கள் பதற்றப்பட வேண்டியதில்லை. தடை நீக்கும் மருந்து எடுப்பவர்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குத்தான் கண் அழற்சி வருவதாகச் சொல்லப்படுகிறது. கண் உலர்வு அதைவிடப் பரவலானது. கண் அழற்சி பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் தொடங்குகிறது. ஆனால் மருந்தை முடித்து மாதங்கள் கழித்தும் வரலாம் என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. டி செல்களுக்கு மருந்து முடிந்த தேதி தெரியாது.

சிவப்பெல்லாம் மருந்தால் வந்தது அன்று

மருந்துதான் காரணம் என்று நாமே தீர்ப்பெழுதுவதும் ஆபத்துதான். கீமோதெரபியால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமித் தொற்று எளிதில் வரும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொப்புளத்தோடு கண் சிவந்தால் அது அக்கியாக இருக்கலாம். அதற்கு வைரஸ் மருந்து உடனே தேவை. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தவருக்கு வெண்விழியில் வலியே இல்லாமல் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு தோன்றலாம். அது பார்க்கப் பயமுறுத்தினாலும் கண்ணுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. அங்கே பார்க்க வேண்டியது தட்டணுக்களின் எண்ணிக்கை. அரிதாக, புற்றுநோயே கண்ணுக்குள் பரவி அழற்சியைப் போல வேடமிட்டு நிற்பதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது கண்ணாடி முன் நின்று பார்க்கும் நம்மால் ஆகாத வேலை.

நம்மால் ஆகக்கூடிய வேலை வேறொன்று இருக்கிறது. இரண்டு கண்களாலும் பார்த்துப் பழகியதால், ஒரு கண் மங்கினால் மற்றது அதை ஈடுசெய்து மறைத்துவிடுகிறது. ஆகவே வாரத்தில் சில நாள்கள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் அமர்ந்து, வழக்கமாக அணியும் கண்ணாடியோடு, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு நாள்காட்டியின் சிறு எழுத்தைப் படித்துப் பார்க்கலாம். பிறகு மற்றக் கண். நேற்றுப் படிக்க முடிந்த வரி இன்று முடியவில்லை என்றாலோ, கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, ஒரு கண்ணில் நிறம் வெளிறித் தெரிந்தாலோ, அது சொல்ல வேண்டிய செய்தி.

வலி, வெளிச்சக் கூச்சம், பார்வைக் குறைவு, திடீரென்று பெருகும் மிதக்கும் புள்ளிகள், மின்னல் தெறிப்பு, திரை விழுந்ததைப் போன்ற நிழல் ஆகிய எதுவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். அடுத்த சுழற்சி வரை, அதாவது அடுத்த முறை மருந்து ஏற்றும் நாள் வரை, காத்திருக்கக் கூடாது. இம்யூனோதெரபி எடுப்பவருக்கு இமை தொங்கிப்போய், உருவங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்து, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால், அது கண்ணின் பிரச்சினையே அன்று. நரம்பும் தசையும் சந்திக்கும் இடம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்குக் கண் மருத்துவமனையைத் தேடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

பரிசோதனை அறையில்

கண் மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டுகள் முழுவதையும் கொண்டுபோவது பாதி நோயறிதலுக்குச் சமம். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறேன் என்று பொதுவாகச் சொல்வதைவிட, மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, எத்தனையாவது சுழற்சி, எலும்புக்கான ஊசி ஏதேனும் உண்டா, அண்மை ரத்தப் பரிசோதனையில் அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்வது பயன் தரும். எல்லாக் கண் மருத்துவர்களும் புதிய புற்றுநோய் மருந்துகள் அத்தனையையும் அன்றாடம் பார்ப்பவர்கள் அல்லர். புற்றுநோய் மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டால் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள வசதியாக இருக்கும்.

அங்கே முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். பிறகு தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியால் மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணின் முன்பகுதிக்குள் பாய்ச்சுவார்கள். அழற்சி இருந்தால், இருட்டறைக்குள் விழும் வெயில் கற்றையில் தூசி மிதப்பது தெரிவதைப் போல, அந்தக் கீற்றுக்குள் வெள்ளை அணுக்கள் மிதந்து திரிவது மருத்துவருக்குத் தெரியும். அவற்றின் எண்ணிக்கையை வைத்தே அழற்சியின் அளவைக் குறித்துக்கொள்வார். ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு துளி விட்டு நீல ஒளியில் பார்த்தால் கருவிழியில் உள்ள புண் பச்சையாக ஒளிரும். கண் அழுத்தத்தை அளப்பார்கள். கண்பாப்பாவை விரியச் செய்யும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். அதன் பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும் என்பதால் தனியாக வண்டி ஓட்டிச் செல்லாமல் துணைக்கு ஒருவரை அழைத்துப் போவது நல்லது.

சிகிச்சை: சொட்டு மருந்தில் தொடங்கி

கண்ணின் முன்பகுதி அழற்சிக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு சொட்டு. பெரும்பாலும் 1 விழுக்காடு ப்ரெட்னிசோலோன். கடுமையாக இருந்தால் தொடக்கத்தில் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மணிக்கு ஒருமுறை விடச் சொல்வார்கள். கேட்கும்போது மிகையாகத் தோன்றும் இந்தக் கணக்கை நாளுக்கு நான்கு முறை என்று நாமே குறைத்துக்கொண்டால், மருந்து வேலை செய்யவில்லை என்ற தவறான முடிவுக்கு மருத்துவரைத் தள்ளிவிடுவோம். அதோடு, பாப்பாவை விரித்து வைக்கும் இன்னொரு சொட்டும் தருவார்கள். கிட்டப் பார்வையை மங்கச் செய்து கூச்சத்தைக் கூட்டும் இந்தச் சொட்டு எதற்கு என்று நோயாளிகள் சலித்துக்கொள்வதுண்டு. இறுகிய தசையைத் தளர்த்தி வலியைக் குறைப்பதும், நிறமுள்ள வளையம் பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாமல் காப்பதும் அதுதான். ஒட்டிக்கொண்டால் பாப்பா கோணலாகும், நீரோட்டம் அடைபட்டுக் கண் அழுத்தமும் ஏறும்.

சிவப்பும் வலியும் சில நாள்களில் குறைந்துவிடும். உள்ளே மிதக்கும் அணுக்கள் அவ்வளவு விரைவில் மறைவதில்லை. கண் வெளுத்துவிட்டது என்று சொட்டை நிறுத்தினால் அழற்சி முன்னைவிட வேகமாகத் திரும்பும். அதனால் ஸ்டீராய்டை வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். எந்த வாரம் எத்தனை முறை என்பதை மருத்துவர் எழுதித் தரும் தாளைக் குளிர்பெட்டியின் கதவிலோ படுக்கையருகிலோ ஒட்டி வைத்து, விட்டபின் ஒவ்வொரு முறையும் குறியிடுவது நல்ல பழக்கம். களைப்பில் விட்டோமா இல்லையா என்ற குழப்பம் எவருக்கும் வரும்.

விடும் முறையிலும் கவனம் தேவை. கையைக் கழுவி, குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும்; ப்ரெட்னிசோலோன் சொட்டில் மருந்து அடியில் படியக்கூடியது. தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கீழிமையை இழுத்துப் பிடித்து, உண்டாகும் பள்ளத்தில் ஒரே ஒரு துளி போதும். ஒரு துளியையே கண்ணால் முழுதாகத் தாங்க முடியாது. இரண்டாவது துளி கன்னத்தில்தான் வழியும். குப்பியின் நுனி இமையிலோ முடியிலோ படக் கூடாது. பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கையொட்டிய ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்குக்குள் வடிந்து உடலில் கலப்பது குறையும், கசப்பும் தொண்டைக்கு வராது. வேறு சொட்டு இருந்தால் 5 நிமிடமாவது இடைவெளி வேண்டும். களிம்பு இருந்தால் அதைக் கடைசியாகப் போட வேண்டும். கீமோதெரபியால் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்குச் சின்னக் குப்பியை அழுத்துவதே சிரமம். வீட்டில் உள்ளவர் விட்டுவிடுவது நல்லது; அது முடியாதவர்களுக்குக் குப்பியைப் பிடித்துக்கொள்ளும் துணைக்கருவிகள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன.

ஸ்டீராய்டுக்கும் விலை உண்டு. கண் அழுத்தத்தின் இயல்பான அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை. சிலருக்கு ஸ்டீராய்டு சொட்டு இதைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும், நீண்ட நாள் பயன்படுத்தினால் கண்புரையும் வரலாம். வைரஸால் வந்த கருவிழிப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் புண் பெரிதாகும். முன்னொரு முறை எழுதித் தந்த சொட்டு மிச்சமிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது, மருந்துக்கடையில் சிவப்புக்கு என்று கேட்டால் தருகிறார்கள் என்பதெல்லாம் இங்கே செல்லாது. திறந்த குப்பியைப் பெரும்பாலும் ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

பின்பகுதியில் அழற்சி இருந்தால் சொட்டு அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை. கண்ணைச் சுற்றியோ கண்ணுக்குள்ளோ ஸ்டீராய்டு ஊசி, அல்லது மாத்திரை தேவைப்படும். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் இம்யூனோதெரபியின் பலன் போய்விடுமோ என்று பலர் கேட்கிறார்கள். கண்ணுக்குள் மட்டும் வேலை செய்யும் சொட்டும் ஊசியும் முதலில் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். ஆனால் பார்வை ஆபத்தில் இருக்கும்போது மாத்திரையைத் தள்ளிப்போடுவதில் ஆதாயம் இல்லை. அந்தக் கேள்வியைப் புற்றுநோய் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுத் தெளிவு பெறுவதே சரி.

புற்றுநோய் மருந்து நிற்குமா?

முதலில் சொன்ன அச்சத்துக்கு இப்போது விடை சொல்லலாம். மருத்துவர்கள் பக்க விளைவுகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். கண் உலர்வு, லேசான மேற்பரப்பு எரிச்சல் போன்ற முதல் தரத்தில் புற்றுநோய் மருந்து வழக்கம்போல் தொடரும். இரண்டாம் தரத்தில், அதாவது முன்பகுதி யூவைட்டிஸ் போன்றவற்றில், கண் மருத்துவர் பார்த்து அழற்சி தணியும் வரை ஓரிரு சுழற்சிகளைத் தள்ளிவைத்து, பிறகு மீண்டும் தொடங்குவது வழக்கம். பார்வை பெரிதும் குறைந்த, பின்பகுதி முழுவதும் பரவிய மூன்றாம், நான்காம் தரங்களில்தான் இம்யூனோதெரபியை நிரந்தரமாக நிறுத்துவது பற்றிய பேச்சு வருகிறது. மாத்திரை வகை மருந்துகளில் அளவைக் குறைத்துத் தொடரும் வழியும் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் புற்றுநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வேறு மருந்து இருக்கிறதா, மற்றக் கண் எப்படி இருக்கிறது என்பவற்றையும் சேர்த்தே முடிவு எடுக்கப்படுகிறது. நோயாளி தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டுக் கண் சரியாகிறதா என்று சோதித்துப் பார்ப்பது இந்தக் கணக்கு முழுவதையும் குலைத்துவிடும்.

அன்றாடத்தில் செய்துகொள்ளக் கூடியவை சிலவே. செயற்கைக் கண்ணீரை நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால் கெடாமல் காக்கும் வேதிப்பொருள் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்; அந்த வேதிப்பொருளே மேற்பரப்பை எரிக்கக் கூடியது. அழற்சி அடங்கும் வரை கான்டாக்ட் லென்ஸும் கண் மையும் வேண்டாம். வெளியே செல்லும்போது பக்கவாட்டையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி உதவும். வீட்டுக்குள் இருட்டிலேயே அடைந்து கிடந்தால் கூச்சம் கூடத்தான் செய்யும். இமை விளிம்பில் பொருக்கு இருந்தால் வெதுவெதுப்பான துணி ஒற்றடமும் மெதுவான துடைப்பும் போதும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் ஒருவரின் கண்ணில் வீட்டு வைத்தியம் என்று எந்தச் சாற்றையும் எண்ணெயையும் ஊற்றக் கூடாது.

அழற்சி தணிந்து புற்றுநோய் மருந்து மீண்டும் தொடங்கினால், முதல் ஒன்றிரண்டு சுழற்சிகளுக்குப் பிறகு கண் மருத்துவரிடம் மறுபடி காட்டும் தேதியையும் அப்போதே குறித்து வாங்கிவிட வேண்டும். மருந்து திரும்பியபின் அழற்சியும் திரும்புவது சிலருக்கு நடக்கிறது. இரண்டாம் முறை அது மற்றக் கண்ணில் தொடங்கவும் கூடும்.